நாலு புள்ளி குறைகிறது

அவர்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. காலால் நிற்கிற வரிசையாக இருந்திருந்தால் யாராவது இரக்கப்பட்டு ஒரு நாற்காலியாவது போட்டிருப்பார்கள். இது நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான வரிசை. மாதம் ஒருமுறை அரசாங்கம் ஒரு தேதியை வெளியிடும். அந்தத் தேதிக்கு முன்னால் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும். சில மாதம் தேதி நாலு நாள் முன்னே நகரும். சில மாதம் அசையாது. ஒருமுறை இரண்டு வருஷம் பின்னால் போய்விட்டது, எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்கப் போனது மாதிரி.

அவளுடைய கணவர் லிஃப்ட் பராமரிப்பு இன்ஜினியர். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. இந்த வேகத்தில் போனால் இன்னும் இருபத்தாறு வருஷம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார்.

"அப்ப எனக்கு எழுபத்தஞ்சு. கார்டு கையில வந்ததும் முதல்ல கண்ணாடியத் தேடணும்."

மகள் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த வரிசையில் மகளும் இருந்தாள், இருபத்தொரு வயது முடியும்வரை மட்டும். அதற்குப் பிறகு சட்டத்தின் கண்ணில் அவள் யாருடைய பிள்ளையும் அல்ல, தனி ஆள். கல்லூரி முடிந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மிச்சம் பத்து மாதம் இருந்தது.

"கவலப்படாதம்மா, இந்த ஊர்க்காரன் எவனையாவது கட்டிக்கிறேன். உங்க ரெண்டு பேரையும் நான் ஸ்பான்சர் பண்றேன்" என்றாள் மகள்.

"முதல்ல உன் துணிய மடிச்சு வை" என்றாள் அம்மா.

சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் கணவர் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, தன் கம்பெனியில் பழுது பார்க்க அட்டவணை போடுவதுபோல, வழிகளை வரிசையாக எழுதினார். இங்கேயே இருந்து பார்ப்பது. அதன் எதிரில் ஒரு கேள்விக்குறி. கம்பெனியின் வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றல் கேட்பது. அங்கே போனால் மறுபடி முதலிலிருந்து வேறொரு வரிசை. ஊருக்குத் திரும்புவது, அங்கே போனால் மகளுடைய பாதிப் படிப்பு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியாக, குளிர் நாடு. அவளுடைய தம்பி இருக்கிற நாடு அது. அங்கே வரிசை கிடையாது, புள்ளிகள்தான். வயது, படிப்பு, வேலை அனுபவம், மொழித் தேர்வு எல்லாவற்றுக்கும் புள்ளி போடுவார்கள். அறுபத்தேழு வந்தால் விண்ணப்பம் போடலாம். போட்ட நாளில் பிள்ளையின் வயது கோப்பில் அப்படியே உறைந்துவிடும்; அப்புறம் முடிவு வர எத்தனை மாதம் ஆனாலும் இருபது இருபதுதான்.

கணவருக்கு அறுபத்தொன்று வந்தது. நாற்பத்தொன்பது வயதுக்குப் புள்ளி சுத்தமாகப் பூஜ்யம்.

"பிறந்தது தப்பாப் போச்சு" என்றார்.

"முன்னாடியே பிறந்தீங்க, அதான் தப்பு" என்று தொலைபேசியில் தம்பி தேற்றினான். "அக்கா வேலை பார்க்குற இடத்துல அனுபவக் கடிதம் வாங்குங்க மாமா. துணைவர் பகுதியில ரெண்டு புள்ளி தருவாங்க."

"அப்பவும் நாலு குறையுதே மாப்ள."

"இங்க இன்னொரு மொழியும் பேசுறாங்க. அதுல ஒரு தேர்வு எழுதினா நாலு."

அன்றிலிருந்து கணவர் அந்த இன்னொரு மொழியைக் கைப்பேசியில் படிக்க ஆரம்பித்தார். லிஃப்டின் மேல்கூரையில் உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் விடும்போதும், குளிக்கும்போதும், "குதிரை ஆப்பிள் சாப்பிடுகிறது" என்று அந்த மொழியில் உருப்போட்டார். மூன்று மாதம் ஓடியது. குதிரை ஆப்பிளைத் தாண்டவில்லை.

அவள் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்குப் பொருந்துகிற பல்லை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து இவள் உருவாக்குவாள். பீங்கான் தூளைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, உலையில் வைத்து எடுக்க வேண்டும். ஈறுப் பக்கம் கொஞ்சம் மஞ்சள், நுனியில் கண்ணாடி போன்ற ஒரு நீலம். முகமே பார்க்காத மனிதர்களின் சிரிப்பு அவளுடைய மேசையில் சின்னச் சின்ன டப்பாக்களில் வரிசையாக இருக்கும். இவர் நிறைய காபி குடிப்பார், இந்த அம்மாள் கோபக்காரி, பல்லை நறநறக்கிறாள் என்று அவளாகவே கதை கட்டிக்கொள்வாள். வந்த புதிதில் ஐந்து வருஷம் வேலை செய்யவே அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தவள். சட்டம் மாறிய அதே வாரம் பழைய டிப்ளமோவைத் தூசி தட்டிக்கொண்டு இங்கே வந்தாள்.

ஆய்வுக்கூடத்தை நடத்துகிற அம்மாள் குறைவாகப் பேசுவாள். கடிதம் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு நாள் கழித்து ஒரு காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். உலை சூடேற ஐந்து நிமிடம் இருந்தது. அவள் நின்றபடியே படித்தாள்.

ஏழு வருட அனுபவம். பீங்கான் பிரிவின் பொறுப்பாளர். நான்கு பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். இவர் போனால் அந்த இடத்தை நிரப்ப எனக்கு ஆள் கிடைக்காது.

யாரோ ஒரு பெரிய மனுஷியைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது. இவளை எனக்குத் தெரியுமே என்று தோன்றியது. உலை கூப்பிட்டது, போய்ப் பல்லை எடுத்தாள்.

மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டு, கைப்பேசியில் குளிர் நாட்டின் புள்ளிக் கணக்கைத் திறந்தாள். முதல் பக்கத்தில் முதன்மை விண்ணப்பதாரரின் விவரம் கேட்டார்கள். பழக்கத்தில் கணவரின் பிறந்த தேதியைத் தட்டினாள். பன்னிரண்டு வருஷத்தில் வீட்டில் நிரப்பிய எல்லாப் படிவங்களிலும் அப்படித்தான். அவர் முதலில், அவள் துணைவர், மகள் அதற்குக் கீழே. வேறு மாதிரியும் எழுதலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. தட்டிய தேதியை அழித்தாள். தன் தேதியைப் போட்டாள். நாற்பத்திரண்டு வயது. டிப்ளமோ. ஏழு வருஷம். அவளுடைய தொழில், அங்கே ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களின் பட்டியலில் இருந்தது. மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் என்று வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

எழுபத்திரண்டு.

எங்கேயோ தப்பு என்று மறுபடி போட்டாள். மறுபடியும் எழுபத்திரண்டு. டப்பாவைத் திறக்காமலே இடைவேளை முடிந்துவிட்டது.

சாயங்காலம் கணவர் பலகைக்கு முன்னால் நின்று குதிரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, என்னை முதல்ல போட்டா எழுபத்திரண்டு வருது."

"எதுல போட்டா?"

"படிவத்துல. நீங்க துணைவர்."

அவர் கைப்பேசியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். லிஃப்டைச் சோதிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகச் சோதித்தார். இரண்டு இடத்தில் "இரு, இரு" என்றார். கடைசியில் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு மோவாயைத் தடவினார்.

"மூணு மாசமா ஒரு குதிரைக்கு ஆப்பிள் ஊட்டிக்கிட்டிருக்கேன். நீ பக்கத்துலயே உக்காந்திருந்தியே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எனக்கே இன்னிக்கு மதியம்தான் தெரியும்."

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், எழுதுகோலை எடுத்துப் பலகையில் குளிர் நாட்டுக்கு எதிரே இருந்த அப்பாவின் பெயரை அழித்து அம்மாவின் பெயரை எழுதினாள். அவர் முகம் லேசாகச் சுருங்கித்தான் இருந்தது. பிறகு, "எழுத்து கோணலா இருக்கு, நேரா எழுது" என்றார்.

அவள் ஆய்வுக்கூடத்தில் தினமும் பேசுகிற மொழிதான். அதன் தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. அந்த ஏழு வாரமும் அவர்தான் சமைத்தார். சாம்பாரில் உப்பு இருந்தால் புளி இருக்காது. தேர்வு நாள் வந்தது. எழுதுவது பரவாயில்லை, பேசுவதுதான் பயம். எதிரே உட்கார்ந்திருந்த தேர்வாளர், நீங்கள் கையால் செய்த ஒரு பொருளைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள் என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு முன்பல்லைப் பற்றிப் பேசினாள். ஒரே நிறத்தில் செய்தால் ஏன் பொய்ப்பல்லாகத் தெரியும், நுனியில் ஏன் நீலம் வேண்டும், வயதானவருக்கு வெள்ளை வெளேரென்று செய்து கொடுத்தால் ஏன் கண்ணை உறுத்தும் என்று சொல்லிக்கொண்டே போனாள். நேரம் முடிந்தது என்று தேர்வாளர் சொல்லவில்லை. அவர் நாக்கால் தன் பல் ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தார்.

மதிப்பெண் வந்தது. காகிதங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கல்லூரிச் சான்றிதழ் ஒன்று மட்டும் எங்கோ தபாலில் சிக்கி, எல்லோர் உயிரையும் வாங்கிவிட்டு வந்தது. மகளின் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில், மூன்று பேரும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் நடுவில்.

"துணைவர் பகுதி முடிஞ்சுதா பாருங்க" என்றாள்.

"முடிஞ்சுது. உன் பக்கம் மாதிரி இல்ல, ஒண்ணரைப் பக்கம்தான். என்னப் பத்தி அவங்க ஒண்ணுமே கேக்கல."

"என்னப் பத்திப் பன்னிரண்டு வருஷமா கேக்கல."

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, நின்றது. பெறப்பட்டது என்று வந்தது. அதன் கீழே தேதி.

"அவ்வளவுதானா? எனக்கு இருபதுலயே நின்னுடுச்சா?" என்றாள் மகள்.

"ஃபைல்ல நின்னுடுச்சு. வீட்ல உனக்கு எப்பவும் ஏழுதான், போய்க் கட்டில்ல கிடக்கற துணிய எடு" என்றார் அப்பா.

தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் எடுத்தாள்.

"அக்கா, போட்டாச்சா? இங்க குளிர் எலும்புல இறங்குது. தடிமனா ரெண்டு ஸ்வெட்டர் வாங்கிக்கோ. மாமாவுக்கும் ஒண்ணு."

"வாங்கிக்கலாம். அவரு என்கூடத்தான் வராரு" என்றாள் அவள்.