மூன்றாம் ஷிப்டின் தேதி

1

இந்தக் கதை, என் அலமாரியில் இருக்கும் ஒரு பென்சில் தாளிலிருந்து வந்தது. 1986. எங்கள் ஊரின் உப்பளம் பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் புரோகிராமர். ஒரு நூற்பாலைக்கு மாத வருகைப் பட்டியல் அச்சடித்துக் கொடுத்தோம். இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஏ.சி. அறை வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள் தயங்கி நின்'

செருப்பு தயங்காது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

செருப்பை வெளியே விட்டு வந்தவர்கள் இருவர். சுப்பராயன், மெட்ராஸில் ஆறு மாத கோர்ஸ் முடித்தவர். ஆதிலட்சுமி, பக்கத்துச் சாரம் பகுதியிலிருந்து வந்தவள். அப்பாவுக்கு அதே ஆலையில் வேலை. [முந்தைய பிரதியில் அவளை அழ வைத்திருந்தேன். அவள் அழவில்லை.]

மெஷின் எப்போதும் வேலையில் இருக்கும். அதனால் தேர்வு தாளில்தான். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் வைத்து ஒருவரின் மாத வருகையை எடுக்கும் புரோகிராமை எழுத வேண்டும்.

சுப்பராயன் இருபது நிமிஷத்தில் முடித்தார். ஓர் அழித்தல்கூட இல்லை. ஆதிலட்சுமியின் பென்சில் தாள் ரப்பர் தேய்த்து ஓட்டையாகியிருந்தது. புரோகிராம் பாதிதான்.

"அக்கா, மூணாவது ஷிப்ட்டு ராத்திரி பத்துக்கு உள்ள போயி காலைல ஆறுக்கு வர்றாங்க. அது எந்தத் தேதில சேரும்?"

"கேட்டிருக்கறத மட்டும் எழுதும்மா."

"அப்படி எழுதுனா ஆப்சென்ட்டுன்னு வரும்க்கா. எங்கப்பாவுக்கு அப்படித்தான் வருது."

3

மேனேஜர் தட்சிணாமூர்த்தி இரண்டு தாள்களையும் தூக்கிப் பார்த்தார். அவருக்குப் புரோகிராம் தெரியாது.

"இது அச்சடிச்சாப்புல இருக்கு. அது கோழி கிளறுனாப்புல இருக்கு. அஞ்சு மணிக்குள்ள ஒரு பேர எழுதிக் குடும்மா. உன்னையே கையெழுத்தப் பாத்துதான எடுத்தேன். தப்பாவா போச்சு?"

[மூன்று மாதமாக ஆலையிலிருந்து புகார். ராத்திரி ஷிப்ட்காரர்களுக்கு ஆப்சென்ட் விழுகிறது. டைப் செய்தது தப்பு என்று சொல்லி, டைப் செய்யும் சொர்ணத்துக்கு மெமோ கொடுத்திருந்தார்கள்.]

ஆலைக்கு ஓடும் புரோகிராமை எடுத்துப் பார்த்தேன். வெளியே போன நேரம், உள்ளே வந்த நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்த நாளைச் சேர்க்காதே என்று இருந்தது. ராத்திரி பத்துக்கு வந்து காலை ஆறுக்குப் போகிறவருக்கு ஆப்சென்ட்தான். எழுதியது நான். ஓர் அழித்தல்கூட இல்லை.

சுப்பராயனும் அதையேதான் எழுதியிருந்தார்.

4

முடிவு ஒன்று: மேனேஜர் அறைக்குப் போய், "சார், தப்பு சொர்ணத்துது இல்ல, என்னுது" என்கிறேன். (ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அதனால் சந்தேகமாக இருக்கிறது. நான் பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே இரண்டு மூச்சு வாங்குகிறவள்.)

முடிவு இரண்டு: சுப்பராயன் பெயரை எழுதுகிறேன். எங்கள் புரோகிராம்கள் ஒன்றையொன்று சரி என்கின்றன. சொர்ணத்துக்கு இரண்டாவது மெமோ

5

ஐந்து மணி. படிவத்தில் இரண்டே வரி. தேர்வானவர் பெயர், காரணம்.

பெயரை எழுதிவிட்டேன்: ஆதிலட்சுமி. அது கஷ்டமாக இல்லை. காரணத்தில் என்ன எழுதினேன் என்பதை இங்கே நான்கு முறை எழுதி அழித்தேன். தாள் தேய்ந்துவிட்டது. நல்ல நகல் ஒன்று எடுத்துத் தரலாம், படித்ததும் நம்பிவிடுவீர்கள். அதனால்தான் இப்படியே தருகிறேன்.

காரணம்: ..............................