இல்லை என்று சொல்ல ஓர் இடம்

மேசைமேல் ரப்பர் பை ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பச்சைக் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரத்துக்கு அதுதான் இன்றைக்கு நுரையீரல். இயந்திரம் நாளை அக்காவின் வார்டுக்குப் போகவேண்டும். நர்ஸான அக்கா சாப்பாட்டு வேளையில் அதைப் பார்க்கத் தங்கையின் ஆபீசுக்கு வந்திருந்தாள். தங்கை அதன் கெர்னலை எழுதியவள். எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து, கேட்டவர்களுக்கு நினைவகத்தில் இடம் பிரித்துக் கொடுக்கும் நிரல் அது.

சோதனை செய்பவருக்கு ஆபீசில் கஞ்சன் என்று பட்டப்பெயர். கெர்னல் தன் வேலைக்கே இடம் கேட்கும்போது, இருந்தாலும் இல்லை என்று வேண்டுமென்றே கைவிரிப்பது அவர் உத்தியோகம். காலையிலிருந்து முந்நூற்று நாற்பது சோதனை ஓட்டம். ஓட்டத்துக்கு ஒரு தடவை, வேறுவேறு கட்டத்தில், இல்லை என்றார். ஒவ்வொரு முறையும் கெர்னல் எடுத்ததையெல்லாம் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டு, மூச்சு மட்டும் நிற்காமல் பார்த்துக்கொண்டது. தங்கைக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கஞ்சனுக்குத் திருப்தி இல்லை. நிஜமாகவே தீர்ந்துபோனால் ஒரு தடவையோடா நிற்கும் என்று கேட்டுவிட்டு, இனி எதற்குமே இல்லை என்று மாற்றி ஓட்டினார்.

பை இறங்கியது. ஏறவில்லை.

ரப்பர்தான் என்று தெரிந்தும் அக்காவின் கை அதை அமுக்கப் போய்விட்டது.

"உங்க ஆளு மூச்ச நிறுத்திட்டான்மா. நாளைக்கு அனுப்ப நான் கையெழுத்து போட மாட்டேன்," என்றார் கஞ்சன் தங்கையிடம்.

கஞ்சனின் திரையில் ‘கேட்டது, மறுத்தாச்சு’ என்ற ஒரே வரி மேலிருந்து கீழ்வரை ஓடிக்கொண்டிருந்தது. தங்கை அதையே வெகுநேரம் பார்த்தாள். மூச்சுக்கு வேண்டிய இடத்தையெல்லாம் அவள் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள். தவறு வேறு எங்கோ.

"இடம் இல்லைன்னு எழுதறதுக்கே இடம் கேக்குதுக்கா. அதுக்கும் இல்லைன்னா, அதச் சொல்ல மறுபடி கேக்குது. முடிவே இல்லாம. மூச்சுப் பக்கம் திரும்பவே இல்ல."

"பாவம், அது யார்கிட்டதான் போய்ச் சொல்லும்?"

திருத்தம் பன்னிரண்டு வரி. இயந்திரம் கண் விழிக்கும்போதே, இடம் தாராளமாக இருக்கும்போதே, இடம் இல்லை என்று எழுதுவதற்கென்றே நினைவகத்தில் ஒரு துண்டை ஒதுக்கி வைக்கவேண்டும். வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது. வாழ்நாள் முழுக்கச் சும்மாவே கிடக்குமா என்று அக்கா கேட்டாள். கிடந்தால் நல்லது என்றாள் தங்கை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது, அவள் வார்டில் தொட்டிலுக்குத் தொட்டில் கையால் அமுக்கும் பை ஒன்று அப்படித்தான் தொங்குகிறது.

கஞ்சன் மறுபடி எல்லாவற்றையும் மறுத்தார். ஒரு நொடியில் ஆயிரம் தடவை ‘இல்லை’ என்றார். இயந்திரத்தின் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: இடம் இல்லை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

பை ஏறியது. இறங்கியது. ஏறியது.

கஞ்சன் பேனாவைத் தேடினார். அமுக்கத் தயாராகப் பைக்கு மேல் நீட்டியிருந்த கையை எடுக்க அக்காவுக்குத் தோன்றவே இல்லை.