குதிகால் லீவர்

எஞ்சினில் அப்பியிருந்த பிசுக்கை மெக்கானிக் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க, மருமகள் டார்ச்சைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். கணவன் பிறப்பதற்கு முன்பே மூடி வைத்த மோட்டார் சைக்கிள் அது. மாமியாரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அவருக்குக் கட்டில் போட முன்னறையை ஒழித்து, அந்தச் சாமான்களை அடைக்க ஷெட்டைத் திறந்தபோதுதான் துணி மூட்டைகளுக்கு அடியில் அகப்பட்டது. டேங்க்கில் கம்பெனிப் பெயர் இல்லை. வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்தான் மேலெல்லாம்.

"இதப் பாருங்கக்கா. கியர் லீவருக்குப் பின்னாடி குட்டியா இன்னொரு லீவர். வண்டிய நிறுத்தப் போறப்போ குதிகாலால ஒரு மிதி, நேரா நியூட்ரல். இது ஒண்ணு போதும், எந்தக் கம்பெனி வண்டின்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிடுவேன். கியரும் வலது கால்லதான். முதல் கியர் மேல, அடுத்த மூணும் கீழ."

மருமகள் டார்ச்சை அவன் கையில் திணித்துவிட்டு முன்னறைக்கு ஓடினாள்.

மாமியார் நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. வலது பாதம் மட்டும் போர்வைக்குள் அசைந்துகொண்டிருந்தது. மேலே ஒரு தரம். கீழே, கீழே, கீழே. கொஞ்ச நேரம் சும்மா. பிறகு குதிகால் மெத்தையில் ஓர் அழுத்து.

"பாவம், இன்னும் மெஷின் மிதிக்கிறாங்க," என்றான் கணவன். தையல்கடை அவன் அம்மா ஆரம்பித்தது. இப்போது அவன் பார்த்துக்கொள்கிறான்.

"மெஷின்னா ரெண்டு காலும் ஆடணும்ங்க. இது கியர். அந்த வண்டி அத்தையோடது."

"உனக்குத் தூக்கம் கெட்டு மூளையும் கெட்டுப்போச்சு. அது அப்பா வண்டி."

"மாமா இருந்தது பனைமரம் ஒசரம். சீட்டு ஸ்பிரிங்க வெட்டி இறக்கியிருக்கு, போய்ப் பாருங்க. அதுவும் அவருக்குக் கண்ணாடி இல்லேன்னா சோத்துத் தட்டே தெரியாது. அவரா ஓட்டினாரு? நான் தூக்கத்துல கிளட்ச் மிதிக்கிறேன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறீங்க? எனக்குத் தெரியாதா இந்தக் கால?"

அவள் பஸ் டிரைவர் வேலைக்குக் கிளம்பிய வருஷம் வீடே குதித்தது, கணவன் உட்பட. மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்து, "இறக்கத்துல நியூட்ரல் போடாத," என்றார். ஒரு தையல்காரிக்கு இது எப்படித் தெரியும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தபோது அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுத்தக்காரி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"காது கடைசிவரைக்கும் கேக்கும்னு நர்ஸ் சொன்னாங்கல்ல? உசுரு போறதுக்குள்ள அந்த வண்டிச் சத்தம் அத்தை காதுல விழணும்."

"உசுரு போற வீட்ல வண்டிய உறுமவிட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நாலு பேரும் வரட்டும். ஸ்டார்ட் ஆகலைன்னா தள்ள ஆள் வேணும்."

அவன் எழுந்து, ஷெட்டுப் பக்கத்து ஜன்னலைப் படாரென்று சாத்தினான்.

மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. டேங்க் உள்ளே துருப்பிடித்து உதவாமல் போனதால், பெட்ரோல் பாட்டிலைக் கயிற்றில் தொங்கவிட்டுக் குழாய் இழுத்தார்கள். கார்புரேட்டர் மெக்கானிக்கின் கையில் பால் பாத்திரம் மாதிரி பளபளத்தது. பிளக் புதிது. மருமகள்தான் உதைத்தாள். எஞ்சின் ஓர் இருமல்கூட இருமவில்லை. மறுபடி உதைத்தபோது கிக்கர் திருப்பியடித்து முழங்காலைப் பதம் பார்த்தது.

"வலிக்குதாக்கா? நான் உதைக்கட்டுமா?"

"தள்ளிக்கோ. யாரு வண்டின்னு திமிரப் பாத்தாலே தெரியுது. இது எனக்குத்தான் பணியும்."

இன்னொரு உதை. கரும்புகை ஒரு மூட்டை வெளியே வந்தது. அதன் பின்னாலேயே சத்தம், நிதானமாக, கனமாக, தடுமாறாமல். ஆக்ஸிலரேட்டரை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு அவள் நொண்டியபடி உள்ளே ஓடினாள்.

சாத்திய ஜன்னலையும் மீறிச் சத்தம் அறைக்குள் வந்திருந்தது. மாமியாரின் பாதம் அசையாமல் கிடந்தது. மருமகள் போர்வையை விலக்கி அதைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள்.

பெருவிரல் மேலே எழும்பியது. கணவன் கட்டிலருகே வந்து மண்டியிட்டான். கீழே ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. வெளியே எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது அழுத்தம் அவள் கையில் நன்றாகவே பதிந்தது.

"டாப் கியருக்கு வந்துட்டாங்க," என்றாள்.

இரண்டு பேரும் குதிகாலுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சு வரவில்லை. குதிகால் அழுத்தவே இல்லை.

"அக்கா, நிறுத்திடட்டுமா?" மெக்கானிக் வெளியிலிருந்து கத்தினான்.

அவள் பாதத்தைக் கீழே வைக்கவில்லை. "வேணாம், ஓடட்டும்," என்றாள்.

அவளுடைய குரல் வாசல்வரைக்கும்கூடப் போயிருக்காது. கணவன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான்.