கால் தேடிய பெட்டி

இசைக்காரர்கள் மத்தியில் அவருக்கு 'எக்கோ' என்றுதான் பெயர். சாக்ஸபோனில் ஒரு வரியை ஊதிவிட்டு, காலடியில் கிடக்கும் சின்னப் பெட்டியை வலது காலால் ஓங்கி ஓர் அழுத்து அழுத்துவார். கடைசி சுரத்தைப் பெட்டி பிடித்துக்கொண்டு திருப்பித் திருப்பிச் சொல்லும். அந்த நேரத்தில் இவர் வாயைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பார். விசில் பறக்கும். ஜாஸ் என்றாலே காத தூரம் ஓடுகிறவர்கள்கூட அந்த எக்கோவுக்காக டிக்கெட் வாங்கினார்கள்.

வாங்காத ஒரே ஆள் அவருடைய தங்கை. பியானோக்காரி. அண்ணன் மேடைக்குப் பெட்டியைக் கொண்டுவந்த வருடமே, "நீயும் பெட்டியும் வாசிங்க, நடுவுல நான் எதுக்கு?" என்று பியானோ மூடியைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கூடத்தில் இசை டீச்சராகப் போய்விட்டாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. கல்யாணம் காட்சிகளில் பார்த்துக்கொண்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். இசையைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள்.

அப்படிப்பட்டவர் இந்த வருடம் போன் செய்தார். "பாப்பா, ஒரு ரெக்கார்டிங். பெட்டி கிடையாது, ஒயர் கிடையாது. எல்லாரும் ஒரே ரூம்ல நின்னு வாசிக்கிறோம். வெட்டுறது, ஒட்டுறது எதுவும் இல்ல. நீ வர்ற."

வருவியா என்று கேட்கத் தெரியாத மனுஷன். தலை முழுக்க நரைத்த பிறகும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

போனோடு விட்டாரா? பேட்டி எடுக்க வந்தவரிடமும் அளந்துவிட்டார்: "எல்லாப் பாட்டையும் நானே முழுசா ஊதலன்னா, சாக்ஸபோனை உறையில போட்டுட்டு வீட்டுல உக்காந்துடுவேன்." அண்ணனின் வாய் அப்படி. முதலில் சவால் விடும், அப்புறம்தான் மூளையைக் கேட்கும். ஆனால் சொன்னால் சொன்னதுதான். வாத்தியம் இல்லாமல் அவர் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவார்? அதற்காகவே அவள் கிளம்பிப் போனாள்.

ஸ்டூடியோவில் மரத்தரை, சுவரெல்லாம் கனத்த துணி, நடுவில் ஒரே ஒரு மைக். யார் சத்தம் தூக்கலாகக் கேட்க வேண்டுமோ அவர் மைக்குக்கு ஓரடி கிட்டே வருவார். வேலை முடிந்ததும் பின்வாங்குவார். வயலின் மாதிரி ஆளுயர பேஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர், பியானோவில் தங்கை, மூலையில் டிரம்மர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர்.

வேகமான பாட்டுகள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. மிச்சம் இருந்தது மெதுவான பாட்டு. பெட்டி வருவதற்கு முன்னால் அண்ணனும் தங்கையும் சேர்ந்து மெட்டுப் போட்டது. அதன் கடைசி வரி ஒரே ஒரு நீண்ட சுரத்தில் போய் நிற்கும்.

முதல் முறை அந்தச் சுரம் வந்ததும், தொம்!

அண்ணனின் வலது கால் தரையில் இறங்கியிருந்தது. இல்லாத பெட்டியைத் தேடிப் போன கால்.

"அண்ணே, கால்ல அடிக்கிற டிரம் என்கிட்டதானே இருக்கு?" என்றார் டிரம்மர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். இரண்டாவது முறையும் தொம். அண்ணனின் சிரிப்பு போய்விட்டது. ஷூவைக் கழற்றிப் பார்த்தார். காலடியில் கம்பளத்தை மடித்துப் போட்டுப் பார்த்தார். சத்தம் அடங்கியது. ஆனாலும் பாட்டு எங்கேயோ நொண்டியது.

எங்கே என்று தங்கைக்குத்தான் முதலில் பிடிபட்டது. கால் மேல் பழியே இல்லை. அண்ணன் சுரத்தைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார். மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கிறார். அந்த இடைவெளியில் யாருடைய விரல்கள் ஓடிப்போய் வரியை முடித்துவைக்கின்றன? அவளுடையவைதான். எப்போது ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெட்டி பிடிக்காமல் வெளியே போனவள், இன்றைக்கு அதே பெட்டியாக உட்கார்ந்திருக்கிறாள். சுருக்கென்றது.

ஸ்பீக்கரில் ஒலிப்பதிவாளர் மெல்லப் பேசினார். "சார், அந்த ஒரு சுரத்தை மட்டும் நான் நீட்டி விட்டுடறேனே? நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்றார் அண்ணன்.

அந்த வீம்பைக் கேட்டு அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அடுத்த நிமிடம் அவர் சாக்ஸபோனின் கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "அவ்வளவுதான் போல, பாப்பா. வயசாச்சு. மூச்சு இல்ல."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "மூச்சு இல்லையா? காலையிலேர்ந்து வாய் மூடாம பேசறியே, அதுக்கு எங்கேர்ந்து வருது? நீ பாதியில விட்டுட்டுக் காத்துட்டு நிக்கிற, அண்ணே. பெட்டி வராது."

"எனக்கே ஊதக் கத்துக் குடுக்கறியா? வரி முழுசாத்தானே முடியுது, கேட்டேனே!"

"முடிக்கிறது நான்."

பேஸ்காரர் தம் வாத்தியத்தின் கம்பிகளை அவசரமாக ஆராயத் தொடங்கினார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது. அண்ணன் அவளை முறைத்தார். பிறகு பட்டையை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"போடுங்க சார். இன்னொரு தடவை."

பாட்டு நகர்ந்தது. கடைசி வரிக்கு அண்ணன் மைக்கின் பக்கம் ஓரடி வந்தார். சுரம் எழும்பியது. தங்கை பியானோவிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது அவர் விட்டால் விட்டதுதான். பிடிக்க ஆள் இல்லை. ஓடிப்போய் உதவத் துடித்த விரல்களை அவள் இறுக்கிப் பின்னிக்கொண்டாள்.

வழக்கமாக விடும் இடம் வந்தது. கால் கட்டைவிரல் கம்பளத்தின் மேல் ஒரு தடவை துள்ளியது. சுரம் நிற்கவில்லை. மெலிந்தது. காற்று கலந்து கரகரத்தது. ஒரு கணம் அறுந்தே போயிற்று என்று அவள் நினைத்தாள். அண்ணன் தோளை இறக்கி, அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கொடுத்தார். சுரம் மறுபடி நிறைந்து, அகலமாகி, அந்த அறை முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டது. சின்ன வயதில்கூட அவர் இப்படி ஊதி அவள் கேட்டதில்லை. கண்ணில் நீர் முட்டியது. துடைத்தால் சத்தம் பதிவாகிவிடும் என்று வழியவிட்டாள். இவன் என் அண்ணன் என்று யாரையாவது பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. தாம் நிறுத்த நினைத்த இடத்தில்தான் அவர் நிறுத்தினார்.

பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையும்வரை யாரும் அசையவில்லை. அணைந்ததும் டிரம்மர் குச்சிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தினார். ஒலிப்பதிவாளர் பதிவைப் போட்டுக் காட்டினார். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, கடைசிவரை கேட்டார்.

"கடைசியில நீ ஏன் வாசிக்கல?"

"உனக்குத் தேவைப்படல."

அவர் தலையை நிமிர்த்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குக் கேட்கும்படி, தேவைக்கு மேலேயே உரக்கச் சொன்னார்:

"சார், அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்க. என் தங்கச்சி வாசிக்காத இடத்தை."