மாமா கூரையில் ஒட்டிக்கொண்ட கதை

பட்டாணிக்குப் பதினொரு வயது. துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் அம்மாவின் பட்டறையில், கழித்துப் போட்ட மோட்டார்களை வைத்து எட்டு மாதம் மண்டையைக் குழப்பிக்கொண்டு ஒரு பெட்டி செய்தாள். பெயர் எடைக்கொல்லி. கூடவே ஒரு செப்பு வில்லை. வில்லையை எதில் ஒட்டிவிட்டுப் பெட்டியின் குமிழைத் திருகினாலும், அந்தப் பொருள் எடை இழந்து மேலே கிளம்பிவிடும். முதல் நாளே ஈரப் போர்வைகளோடு ஓர் இயந்திரம் முழங்கால் உயரம் எழும்பியது.

அதைக் கண்ணால் பார்த்தது அம்மாவின் தம்பி. ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. இருபது வருடத்தில் ஒரு கொசுவைக்கூட ஆராய்ந்ததில்லை.

"ரெண்டு நாள் பாத்துட்டுத் தர்றேம்மா" என்று தூக்கிப் போனார்.

மூன்றாவது வாரம் தொலைக்காட்சியில் மாமா பல்லைக் காட்டிக்கொண்டு, தன் கண்டுபிடிப்பை அறிவியல் கண்காட்சிப் போட்டியில் வைக்கப்போவதாகச் சொன்னார். பெட்டி மூடியில் அவள் ஆணியால் கீறியிருந்த பெயரை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டு, தன் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதியிருந்தார்.

பட்டாணி போன் செய்தாள்.

"சின்னப் பிள்ளைக்கு எதுக்குடி பேரும் புகழும்? போய்ப் படி."

அவளுக்கு உச்சந்தலைவரை பற்றி எரிந்தது. அழவில்லை. கண்காட்சி என்றைக்கு என்று மட்டும் விசாரித்துக்கொண்டாள்.

கண்காட்சியன்று மேடையில் ஓர் இரும்புப் பெட்டகம் நின்றது. அதைத்தான் மாமா பறக்கவிடப் போகிறார். திரைக்குப் பின்னால் தவழ்ந்துபோன பட்டாணி, பெட்டகத்திலிருந்த வில்லையை உரித்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு மாமாவிடம் வந்தாள்.

"மாமா, கோட்டுல தூசி." தட்டிவிடுவதுபோல வில்லையை அவர் முதுகில் வைத்தாள்.

"என் அக்கா பொண்ணு. என்னைப் பாத்துத்தான் இவளுக்கு அறிவியல்ல ஆசையே வந்துச்சு!" என்றார் மாமா கூட்டத்திடம்.

வில்லையை முதுகில் இன்னும் அழுத்தி ஒட்டினாள்.

"இதோ, பறக்கப் போகுது!" மாமா குமிழைத் திருகினார். பறந்தது. பெட்டகம் அல்ல, மாமா. கால் உதறி, கை வீசி, பல்லியைப்போலக் கூரையில் போய் அப்பிக்கொண்டார். ஒரு செருப்பு நடுவர் அம்மாள் மடியில் விழுந்தது.

பட்டாணி குமிழில் கை வைத்தாள். "யாரு செஞ்சது மாமா?"

"நான்தான்!"

சற்றே திருகினாள். மாமாவின் கன்னம் கூரையில் அப்பளமாய் நசுங்கியது.

"நீதான்! நீதான் தாயே! உன் பேரை நான்தான் தேச்சு அழிச்சேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடுவர் அம்மாள் பட்டியலில் ஒரு பெயரை அடித்து, இன்னொன்றை எழுதினார்.

முன்வரிசையிலிருந்த அம்மாவைப் பார்த்து மாமா அலறினார். "அக்கா, இறக்கச் சொல்லு!"

அம்மா கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். "மெதுவா இறக்குடி. அவசரமில்ல."

தரைக்கு ஒரு முழம் இருக்கையில் மறுபடி மேலே ஏற்றினாள் பட்டாணி. இரண்டு முறை. மூன்றாவது முறைதான் விட்டாள்.

அதற்குப் பிறகு மாமா அவளிடம் பேசுவதில்லை. அதில் பட்டாணிக்குத் துளியும் வருத்தமில்லை.