அக்கினி மூலையில் பெட்ரோல் தொட்டி

மெத்தையைக் கிழித்ததும் எலிக்குஞ்சுகள் பொலபொலவென்று கொட்டின. பாதி செத்தவை, பாதி நெளிபவை. ராக்கையா முறத்தில் வாரிக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டு வந்து மறுபடி வேனுக்குள் ஏறினான்.

மலை எஸ்டேட் துரை ஒருவர் தின்று, தூங்கி, பேண்டு ஊர்சுற்றுவதற்காகக் கட்டிய வேன் அது. நிமிர்ந்தால் தலை இடிக்கும் கூடு. ஒரு கட்டில், ஒரு அலமாரி, பின்னால் இடப்பக்க மூலையில் மூடி போட்ட கக்கூஸ் பெட்டி. துரை சீமைக்குப் போய்விட்டார். மலையடியில் மழையில் ஊறிக் கிடந்த வண்டியைப் போடி ஏலக்காய் வியாபாரி குருசாமி வாங்கி, பழனிசெட்டிபட்டியில் ராக்கையா வேலை பார்த்த மோட்டார் ரிப்பேர் கொட்டகைக்கு மாடு கட்டி இழுத்து வந்தார்.

குருசாமி அடுத்தவன் கையால் பச்சைத்தண்ணீர் குடிக்காதவர். குமுளிக்குக் காய் வாங்கப் போனால் பட்டினி கிடந்துதான் திரும்புவார். இனி வண்டிக்குள்ளேயே பொங்கித் தின்னலாம் என்று கணக்கு.

"ஏலே ராக்கையா, நீயே சரி பண்ணு. நீயே டிரைவர்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் இந்த நாற்றத்துக்குள் இறங்கினான். கிணறு வெட்டிச் சேறு சுமந்த குடும்பம். விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறாமலே அவன் அப்பன் செத்தான். கொட்டகையில் ஓட்டப் பழகியிருந்தாலும் இவனை நம்பி இதுவரை ஒருவரும் வண்டி கொடுத்ததில்லை.

கக்கூஸ் பெட்டிக்குள் இருந்த எனாமல் சட்டியில் துரை விட்டுப்போனது பாறையாக இறுகியிருந்தது. வெந்நீர் ஊற்றினால் இளகியது, இளகியதும் நாறியது. கரண்டியால் சுரண்டினான். இரண்டு தடவை இறங்கி ஓடி வாந்தியெடுத்தான்.

வீட்டில் பெண்டாட்டி மொக்கம்மாள் சோற்றுத்தட்டைத் தள்ளிவைத்தாள். "கையச் சாம்பல் போட்டுக் கழுவிட்டு வா. வெள்ளக்காரன் பீயை வாசப்படி வரைக்கும் கொண்டாந்துட்டியே!"

"இன்னைக்கோட சரிடி. டிரைவராயிட்டா ஸ்டீயரிங்கத் தவிர ஒரு கழுதையையும் தொட மாட்டேன்."

மறுநாளே அதைக் குருசாமியிடமும் சொன்னான். "சட்டிய இந்த ஒருக்கத்தான் கழுவுவேன், முதலாளி. இனிமே எடுக்க வேற ஆள் பாருங்க."

"சரிடா, சரி" என்று வெற்றிலையைத் துப்பினார் குருசாமி. புதிதாகப் பெயிண்ட் அடித்த மட்கார்டில் அது வழிந்தது.

அழுகிய பலகைகளை மாற்றி, கூரைத் தகரம் ஒட்டி, இஞ்சினைப் பிரித்துக் கோர்த்தான். பிறகு குருசாமி அடுப்பு வைக்க இடம் பார்த்தார்.

"வண்டி மொகந்தான் கெழக்குன்னு வச்சுக்க. அப்ப முன்னால வலப்பக்கம் அக்கினி மூல. அடுப்பு அங்கன. முன்னால எடப்பக்கம் சாமி படம்."

"வலப்பக்கம் என் சீட்டு, முதலாளி. அதுக்கடியில பெட்ரோல் தொட்டி. அடுப்பப் பத்தவச்சா நாம ரெண்டு பேரும் வெந்துருவோம்."

"அப்ப தொட்டிய மாத்து. அக்கினி மூலைய மாத்த முடியுமா?"

மாற்றினான். தொட்டியைக் கழற்றி வண்டியின் பின்கோடியில், கட்டிலுக்கடியில் முட்டுக்கொடுத்து உயர்த்தி வைத்தான். அந்த இஞ்சினுக்குப் பம்பு கிடையாது. தொட்டி மேட்டில் இருந்தால்தான் பெட்ரோல் தானாக வழிந்து இறங்கும். தேனி ரோட்டில் ஓட்டிப் பார்த்தான், ஓடியது. தேனி ரோடு சமதளம். மலை அவன் புத்தியில் ஏறவில்லை.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் களிமண் அடுப்புப் பூசி, சாமி படத்துக்குப் பூப்போட்டுக் கிளம்பினார்கள். ராத்திரி கம்பத்தில் தங்கல். குருசாமி உள்ளே படுத்தார், ராக்கையா வண்டிக்கடியில். விடிந்ததும் குருசாமி கக்கூஸ் பெட்டியில் உட்கார்ந்து எழுந்து வந்து, "சட்டிய எடுத்து ஊத்திட்டு வாடா" என்றார்.

"நாந்தான் அன்னைக்கே சொன்னேனே, முதலாளி."

"பவுசப் பாரு! கெடக்கட்டும். குமுளியில எவனையாவது பிடிச்சுக்கிருவோம்."

மூடியைப் போட்டார். சோறு பொங்கி இறக்கிப் பானையை அடுப்போரம் வைத்தார்.

கூடலூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் இஞ்சின் இருமி நின்றது. முன்பக்கம் தூக்க, தொட்டி பள்ளத்துக்குப் போய்விட்டது. பெட்ரோல் வரவில்லை. ராக்கையாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வேறு வழியில்லை. கீழே உருட்டித் திருப்பி, ரிவர்ஸ் போட்டுப் பின்பக்கமாகவே ஏற்றினான்.

எதிரே இறங்கிய கட்டைவண்டிக்காரன் சிரித்தான். "என்னப்பா, கக்கூஸு முன்னால போகுது, சாமி பின்னால வர்றாக?"

குருசாமி பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்தார். கொண்டை ஊசி வளைவில் சக்கரம் குழிக்குள் விழுந்து எழுந்தது. பின்னால் சட்டி கவிழும் சத்தம். பின்பக்கம் மேட்டில், முகம் பள்ளத்தில். எல்லாம் பலகை வழியே கீழ்நோக்கி ஓடி வந்தது: கட்டில்கால், அடுப்பு, பானை, சாமி படத்தின் அடி. கடைசியில் ராக்கையாவின் பாதம். வெதுவெதுப்பாக இருந்தது.

வண்டியை நிறுத்தினான். குருசாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்தார்.

"தொடைடா! மொதல்ல சாமிகிட்டத் தொடை!"

ராக்கையாவின் கை தானாகவே கந்தையை எடுத்துவிட்டது. குனிந்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டான். அப்புறம்தான் தன் கை செய்வதைப் பார்த்தான்.

பானை சாய்ந்து கிடந்தது. அதன் வாய்வரை ஈரம். குருசாமி எட்டிப் பார்த்தார்.

"சோறு எனக்கு ஆகாது. அரிசிய வீணாக்காத. படாததா உள்ள இருக்கறத எடுத்து நீ தின்னுக்க."

ராக்கையா கந்தையைக் கீழே போட்டான். இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தான். பானையைத் தூக்கி வந்து குருசாமியின் காலடியில் வைத்தான்.

"அடுத்தவன் கைபட்டத நீங்க தின்ன மாட்டீக, முதலாளி. இதுல எவன் கையும் படல. ரெண்டும் ஒங்களுதுதான். தாராளமாத் தின்னுங்க."

"ஏலே! வண்டிய யாருடா ஓட்டுவா?"

"ஆள் பிடிச்சுக்கங்க."

இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியைப் பானைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு மலையிறங்கி நடந்தான். வழியில் ஓடைத் தண்ணீரில் காலை மணல் போட்டுத் தேய்த்தான். கையையும் தேய்த்தான். முகர்ந்து பார்த்தான். மறுபடி மணலை அள்ளினான்.