பிடங்கின் நீளம்

சடக்!

புனிதமலர் சாப்பாட்டுப் பையைப் போட்டுவிட்டுப் பட்டறை வாசலிலேயே குந்திவிட்டாள். இரண்டு கைகளும் தலையை மூடியிருந்தன.

"என்னப்பா, பேயைக் கண்டனீரோ?" விமலராஜ் சிரித்தான். "மாஸ்த்ரோ துவக்குப் போல்ட்டைப் பூட்டிப் பார்க்கிறார். உள்ளுக்கை குண்டு ஒண்டும் இல்லை, பயந்தாங்கொள்ளி!"

"கால் தடக்கிட்டுது," என்று எழுந்தாள்.

ஏழு வருடக் கலியாணத்தில் அவனிடம் அவள் மறைத்தது ஒன்றுதான். போர் முடிந்த வருடம் கன்னியாஸ்திரிமாரின் விடுதியில் இருந்ததாகச் சொல்லியிருந்தாள். அவள் இருந்தது பதுங்குகுழியில். 'துவக்குத் தூக்கின பெட்டையைக் கட்டினவன் நிம்மதியா நித்திரை கொள்ளுவானோ' என்று யாரைப் பற்றியோ அவன் ஒருநாள் சொன்னான். அன்றோடு அவள் வாய் பூட்டிக்கொண்டது.

ஒரேத்தோத் தெருவில் இருந்த அந்தத் துவக்குப் பட்டறையில் விமலராஜுக்கு இது முதல் பெரிய வேலை. சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சினியோரா அம்மாவுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை. புதுத் துவக்கு வாங்க வசதியில்லை. பட்டறைச் சொந்தக்காரரான மாஸ்த்ரோ நீனோ பழைய இராணுவத் துவக்கு ஒன்றை மலிவாக எடுத்தார். போல்ட்டையும் அது ஓடும் இரும்புக் கூட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு புதுக் குழல் பூட்டினார். தோளில் பதியும் பின்பக்கப் பிடங்கை வால்நட் மரத்தில் செதுக்கியவன் விமலராஜ். சரிவந்தால் நிரந்தர வேலை. பிழை விட்டால் மறுபடி படிக்கட்டுக் கழுவப் போகவேண்டியதுதான்.

நீளத்துக்கு வெட்டுவது மட்டும் பாக்கி. சினியோராவோ மகளைப் பார்க்க மிலானோ போயிருந்தார்.

"உன் மனைவியும் அதே உயரம்தானே," என்றார் நீனோ. "ஒருக்கால் பிடிச்சுக் காட்டட்டும்."

"பிடியுமப்பா, கடிக்காது!" விமலராஜ் துவக்கை நீட்டினான்.

வாங்கினாள். எண்ணெய் மணம் ஏறியது. அதன் பின்னால் ஈரமண் மணம். இடப்பக்கத்தில் யாரோ மூச்சுவிட்டார்கள். திரும்பாமலே தெரிந்தது. கேசிகா. குழிக்குள் இடப்பக்கம் நின்றவள். ஒரு விடியலில் எழும்பாமல் போனவள்.

பிழையாகப் பிடிக்கவேண்டும். தெரியாதவளைப் போல. எப்படி? அவள் கண்ட பிழையான பிடி ஒன்றே ஒன்றுதான். பிடங்கைத் தோளில் வைக்காமல் கக்கத்துக்குள் செருகினாள். கழுத்தை எட்டி நீட்டினாள். தன் கைக்குள் இன்னொரு சின்னக் கை நுழைவது போலிருந்தது. குளிர்ந்த கை.

"அடடா, இவளுக்கு எவ்வளவு நீளம்!" நீனோ துவக்கை வாங்கி, பிடங்கின் நுனியிலிருந்து நாலு விரல் உள்ளே தள்ளிப் பென்சிலால் கோடு போட்டார்.

விமலராஜ் பிடங்கைக் கழற்றி இடுக்கியில் இறுக்கினான். மரம் அறுக்கும் வாளை எடுத்தான். அந்த மரத்துக்காக அவன் ஞாயிறு பூசைக்கும் போகாமல் இருந்திருக்கிறான். வெட்டிய மரத்தை ஒட்டமுடியாது. அவ்வளவு குட்டையான பிடங்கோடு சுட்டால், துவக்கு உதைக்கிற உதையில் சினியோராவின் பெருவிரலே அவர் மூக்கை உடைக்கும். அதோடு இவன் வேலையும் போகும்.

வாளின் பல் மரத்தில் பட்டது.

"வெட்டாதேங்கோ!"

இருவரும் திரும்பினார்கள். அவள் இடுக்கியைத் தளர்த்தினாள். பிடங்கை இரும்போடு தானே பொருத்தினாள். தூக்கியதும் அது தோள்குழியில் போய் அமர்ந்தது. கன்னம் மரத்தில் சாய்ந்தது. கை பார்க்காமலே போல்ட்டை இழுத்துத் தள்ளியது.

சடக்.

இந்த முறை அவள் குந்தவில்லை.

"ஒரு விரல் வெட்டினால் காணும்," என்று நகத்தால் கீறிக் காட்டினாள்.

நீனோ மெல்லத் தலையாட்டினார். விமலராஜின் கையில் வாள் அப்படியே நின்றது. முகத்தில் சிரிப்பில்லை.

"உமக்கு... ஆர் பழக்கினது? அப்ப முதல் ஏன் கக்கத்துக்கை வைச்சுப் பிடிச்சனீர்?"

இடப்பக்கத்து மூச்சு நின்றிருந்தது. அவள் துவக்கை மேசையில் வைத்தாள்.

"கேசிகா அப்பிடித்தான் பிடிப்பாள். எங்களுக்குப் பதினாலு வயசு. ஒருத்தரும் அளவுக்கு வெட்டித் தரேல்லை."